எம்.எல்.ஏ-வுக்குக் கடிதம் போட்டால் ஊருணிக்குத் தண்ணீர் வருமா?

கேட்டவர்: செட்டிநாட்டில் பிறந்து சென்னையில் இருப்பவர்

வெயில் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. மழை என்றால் ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. எங்கள் ஊருணியில் ஆடு மேய்கிறது. தொகுதி எம்.எல்.ஏ-வுக்கு எழுது, எம்.பி-க்கு எழுது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று கடிதம் போட்டேன், ஒரு வரி பதில் இல்லை. இப்படி எழுதி யாருக்காவது உருப்படியாக ஏதாவது நடந்ததா? இல்லை, தபால்காரருக்கு வேலை கொடுத்ததுதான் மிச்சமா?

17 ஆகஸ்ட் 2025, இரவு

முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த மூன்று கடிதத்திலும் ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் எந்த முகவரி போட்டீர்கள்? சென்னை முகவரி என்றால் என்ன ஆகியிருக்கும் என்று உறையைப் பிரிக்காமலே சொல்லிவிடுவேன்.

நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 19 வருஷம் ஆகிறது. வியாபாரத்தில் பாதி மனு எழுதிக் கொடுப்பதுதான். கையால் எழுதினால் 30 ரூபாய், டைப் அடித்தால் 50. முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், தெருவிளக்கு. மனுவை வாங்குகிறவர் முதலில் பார்ப்பது பொருளையும் இல்லை, பார்வையையும் இல்லை. யார், எந்த ஊர் என்றுதான் பார்க்கிறார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவருக்கு ஓட்டுப் போடும் ஆளா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

17 ஆகஸ்ட் 2025, அரை மணி கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் பெரிய அனுபவசாலி மாதிரி தெரிகிறது. என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷம் முன்பு நானே ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம். பருவநிலை மாற்றம் என்று தலைப்பு. கிளாஸ்கோவில் 2021-ல் இந்தியா 2070-க்குள் கார்பன் வெளியீட்டில் நிகர பூஜ்ஜியம் என்று அறிவித்தது, தமிழ்நாட்டில் பருவநிலை மாற்ற இயக்கம் தொடங்கியது, எல்லாவற்றையும் போட்டு, கடைசியில் ‘ஆவன செய்யுமாறு’ என்று முடித்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உதவியாளர் தம்பி நின்றபடியே நாலு பக்கத்தையும் புரட்டினார். “அண்ணே, எல்லாம் சரிண்ணே. ஐயா இப்ப என்ன செய்யணும்?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவன் நான், என்னுடைய மனுவில் கோரிக்கை இல்லை.

18 ஆகஸ்ட் 2025

யாருக்கு எழுதுவது என்பதிலேயே நம் பக்கம் பாதிப்பேர் தடுக்கி விழுகிறோம். செட்டிநாடு ஒரே மாவட்டம் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் சிவகங்கை மாவட்டம். திருமயம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். ஆனால் திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கின்றன. புதுக்கோட்டைக்கென்று இருந்த எம்.பி. தொகுதியை 2008 மறுவரையறையில் எடுத்துவிட்டார்கள். ஒரு மாவட்டம் சிவகங்கை, இராமநாதபுரம், திருச்சி, கரூர் என்று நாலு எம்.பி-க்களுக்குப் பங்கு பிரிந்து கிடக்கிறது. கலெக்டர் ஒருவர், எம்.பி. நாலு பேர். கடிதம் எழுதுகிறவன் தலையைச் சொறியாமல் என்ன செய்வான்?

19 ஆகஸ்ட் 2025

திருப்பத்தூர் கதையை எழுதச் சொல்லி ஒரு பள்ளத்தூர்க்காரர் கிண்டல் செய்கிறார். கடைக்கு வருகிறவர், தெரிந்துபோயிற்று. சரி.

திருப்பத்தூர் தொகுதிக்காரர் ஒருவருக்கு மனு டைப் அடித்தேன். நம் திருப்பத்தூர், பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் இருப்பது. மாவட்டம் என்ற இடத்தில் பழக்க தோஷத்தில் ‘திருப்பத்தூர் மாவட்டம்’ என்று அடித்துவிட்டேன். கண்மாய் மடை உடைந்த மனு ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஊர்சுற்றிவிட்டு ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அவரிடம் வாங்கிய 50 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். கூட ஒரு டீயும்.

24 ஆகஸ்ட் 2025

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். மூன்று கடிதத்திலும் சென்னை முகவரிதானாம். ஓட்டும் சென்னையில்தான். “ஆனால் வீடு அங்கேதானே இருக்கிறது? சொத்து வரி கட்டுகிறேனே?” என்கிறார்.

வீட்டுக்கு ஓட்டு இல்லையே அண்ணே. நம் ஊர்களில் முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு இருக்கும். உள்ளே ஆள் இருக்க மாட்டார். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்பார்கள், நாலு நாள் விளக்கு எரியும். கோயில் வரி போடும்போது கல்யாணமான குடும்பம் ஒன்றுக்கு ஒரு புள்ளி என்று கணக்கு எடுக்கிறோம், அதில் கோலாலம்பூரில் இருக்கிற புள்ளியும் ஒரு புள்ளிதான். வாக்காளர் பட்டியல் அப்படி இல்லை, அங்கே யார் சாதாரணமாகக் குடியிருக்கிறாரோ அவர் பெயர்தான் இருக்கும்.

இடையில் சிங்கப்பூரிலிருந்து ஒருவர், தனக்கு இங்கே ஓட்டு உண்டா என்று கேட்டார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால், பாஸ்போர்ட்டில் இருக்கும் ஊரில் 6ஏ படிவம் கொடுத்து வாக்காளர் பட்டியலில் சேரலாம். ஆனால் ஓட்டுப் போட விமானம் ஏறி இங்கே வர வேண்டும். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் அதுவும் கிடையாது.

28 ஆகஸ்ட் 2025

இப்போது எங்கள் ஊருணிக்கு வருகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நாலு பக்கமும் படிக்கட்டு வைத்த ஊருணி. கூரைத் தண்ணீர் வளவில் விழுந்து, தூம்பு வழியாகத் தெருவுக்கு வந்து, வரத்துக்காலில் ஓடி ஊருணியில் சேரும். இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். இதில் என்ன ஆயிற்று என்றால், ரோடு. போட்ட ரோட்டின் மேலேயே ரோடு போட்டு ஒரு முழம் உயர்ந்துவிட்டது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே சொன்னார். எங்கள் தெருவுக்கு அந்தச் சுற்றறிக்கை நடந்து வருகிறது போல. தண்ணீர் ரோட்டைத் தாண்ட முடியாமல் மேற்கே திரும்பிச் சீமைக்கருவேலங்காட்டுக்குள் போய்விடுகிறது.

முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகை முழுக்கச் சன்னமாகப் பெய்யும், எப்படியாவது ஊறிச் சேர்ந்துவிடும். இப்போது இரண்டு நாள் கொட்டுவதோடு சரி. அந்த இரண்டு நாளில் பிடிக்காவிட்டால் வருஷம் போயிற்று. பருவநிலை மாற்றம் என்று நாலு பக்கம் எழுதினேனே, எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் ஒரு முழ உயர ரோடு.

1 செப்டம்பர் 2025

இன்று திங்கள், குறைதீர் நாள். மனுவோடு கலெக்டர் அலுவலகம் போனேன். இந்த முறை ஒரே பக்கம். புல எண், புலப்பட நகல், போட்டோ இரண்டு. கோரிக்கை ஒரே ஒரு வரி: ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு வரிசைக் குழாய்ப் பாலம் போட வேண்டும்.

ஊராட்சித் தலைவரிடம் போகக்கூடாதா என்று கேட்பீர்கள். எங்கே இருக்கிறார் தலைவர்? 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு சிவகங்கை, புதுக்கோட்டை உட்பட 2019-ல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தேர்தல் இல்லை, தனி அலுவலர்தான். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். கையெழுத்துப் போடுகிற அதிகாரிக்கு எங்கள் ஊரில் ஓட்டும் இல்லை, எங்களிடம் ஓட்டுக் கேட்டு வரப்போவதும் இல்லை. அவர் நல்லவர்தான். ஆனால் தெருவில் நிறுத்தி “என்னப்பா இது?” என்று கேட்க முடிகிற ஆள் இல்லை. ஓட்டுரிமை பற்றிப் பெரிதாக நினைத்ததில்லை, அதன் அருமையை இங்கேதான் முதலில் உணர்ந்தேன்.

3 செப்டம்பர் 2025

எம்.எல்.ஏ-வுக்கு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்று போனால், பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கிறார்கள், இனித் தனியாகக் கிடையாது என்றார்கள். ஒப்புகை அட்டையைக் கோத்துக் கோத்துக் கம்பியில் மாட்டி வைத்த பரம்பரை நான். அன்று முழுக்க மனசே சரியில்லை.

அப்புறம் நேரிலேயே போய்க் கொடுத்தேன். அதே உதவியாளர் தம்பி. ஒரு பக்கத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்ண்ணே, ஐயா பரிந்துரை எழுத வசதியா இருக்கும்.” 19 வருஷத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இப்போது எல்லா மனுவுக்கும் நாலு விரற்கடை விடுகிறேன்.

6 செப்டம்பர் 2025

சட்டம் படித்த ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். 2024 மார்ச்சில், கானமயில் என்ற அருகிவரும் பறவையைப் பற்றிய வழக்கில், பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதை ஏன் மனுவில் போடவில்லை என்று.

போட்டேன் ஐயா. ஒன்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த நகலில் கடைசி வரி அதுதான். அங்கே இருந்த கிளார்க் அம்மா, “ஊருணியில மயில் வருதா?” என்று கேட்டார். வருகிறது, காட்டிலிருந்து நாலைந்து வரும் என்றேன். அதோடு விட்டுவிட்டோம்.

எந்தக் குளம் யாருடையது என்று தெரிந்திருப்பது இதைவிடப் பயன். கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். மாற்றிக் கொடுத்தால் ‘எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை’ என்று முடித்து வைப்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும்.

14 செப்டம்பர் 2025

எம்.பி-க்கு எழுதுவது வீண் என்று முன்பு கடையில் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். எம்.பி-யிடம் குழாய் கேட்பது வீண். வருஷத்துக்கு 5 கோடி தொகுதி நிதி இருக்கிறது, எம்.எல்.ஏ-வுக்கு 3 கோடி, அதிலிருந்து கேட்கலாம்தான். ஆனால் எம்.பி-யிடம் கேட்க வேண்டியது கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்கிற நட்சத்திரக் கேள்வி 20, நட்சத்திரமில்லாதது 230. குறைந்தது 15 நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். நட்சத்திரமில்லாததற்கு அமைச்சர் எழுத்தில் பதில் தர வேண்டும், அது பதிவாகி நிற்கும். ஆகவே ‘வெப்பத்தைக் குறையுங்கள்’ என்று எழுதாமல், அமைச்சரிடம் கேட்கத் தோதாக இரண்டு வரிக் கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள்.

வெப்ப அலையைத் தமிழ்நாடு மாநிலப் பேரிடராக அறிவித்தது 2024 அக்டோபரில். இதை வைத்து ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

21 செப்டம்பர் 2025

ரோடு உயர்ந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். “குறுக்கே வரத்துக்கால் போனதற்கு என்ன அத்தாட்சி? புலப்படத்தில் கோடு தெளிவாக இல்லையே” என்று. நியாயமான கேள்வி. யாரிடமாவது பழைய படம் இருக்கிறதா?

27 செப்டம்பர் 2025

முதல் நாள் நான் சொன்னதை இன்று வாபஸ் வாங்குகிறேன்.

சென்னைக்காரர், கேள்வி கேட்டு இதையெல்லாம் தொடங்கி வைத்தவர், அவருடைய ஆத்தாவின் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை அழைப்பு. கருப்பு வெள்ளை. நாகஸ்வரக்காரருக்குப் பின்னால், பட்டுச் சட்டைப் பையன் ஒருவன் குந்தியிருக்கிறான் பாருங்கள், அவன் குந்தியிருப்பது குறும்பாலத்தின் கைப்பிடிச் சுவர். அடியில் கல் வளைவு தெரிகிறது. வலது ஓரத்தில் ஊருணிப் படிக்கட்டு. பெரிதாக்கிப் பிரிண்டு போட்டு மனுவோடு இணைத்துவிட்டேன். கலர் பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை.

ஓட்டு இங்கே இல்லாவிட்டாலும் அவரிடம் ஆல்பம் இருந்திருக்கிறது. அந்தப் பையன் யார் என்று கேட்டேன். அவர் மாமாவாம்.

9 அக்டோபர் 2025

மனுவில் 41 கையெழுத்து. முதல் கையெழுத்து எங்கள் தெரு அப்பத்தா. கைநாட்டு. தெற்குத் தெருப் பெரிய வீட்டில் காவல் இருக்கிறார், கணவர் போனபின் தனியாக. 78 வயது. ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர், “குழாய்த் தண்ணி நாக்குல நிக்க மாட்டேங்குது” என்பார்.

30 அக்டோபர் 2025

குழாய் வந்துவிட்டது. சிமெண்டுக் குழாய், ஒரே வரிசை. நாங்கள் கேட்டது இரண்டு வரிசை. ரோட்டை வெட்டிப் புதைத்து, மேலே ஜல்லி கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் மனுவால் வந்ததா, ஏற்கெனவே மதிப்பீடு போட்டு வைத்திருந்ததா? யாரைக் கேட்டாலும் சிரிக்கிறார்கள். எம்.எல்.ஏ. தரப்பில் தாங்கள் சொன்னதாகச் சொல்கிறார்கள். எதிர்த்தரப்பு வார்டுக்காரரும் தானே சொன்னதாகச் சொல்கிறார். இரண்டு பேரும் சொல்லியிருந்தால் இரண்டு குழாய் வந்திருக்க வேண்டுமே!

16 நவம்பர் 2025

எஸ்.ஐ.ஆர். என்கிற வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி (4-ஆம் தேதி) கடையில் நிற்க இடமில்லை. கணக்கீட்டுப் படிவம் நிரப்ப வருகிறவர்கள். 2002, 2005 பட்டியலில் பெயர் எங்கே என்று தேடவே நாள் போகிறது. ஊருணியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

30 நவம்பர் 2025

டிட்வா புயல் மழை. நேற்று ராத்திரி குடையோடு போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் போகிறது, செம்மண் கலரில், இரைச்சலோடு. பாதித் தண்ணீர் இன்னமும் கருவேலங்காட்டுக்குத்தான் போகிறது. படிக்கட்டில் கீழேயிருந்து நாலாவது படி வரை வந்திருக்கிறது. சென்னைக்காரருக்கு வீடியோ அனுப்பினேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்துவிட்டுப் போன் செய்தார், பேசவில்லை, சும்மா “ம்” என்றார்.

20 டிசம்பர் 2025

வரைவு வாக்காளர் பட்டியல் நேற்று வந்தது. மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கு மேல் பெயர் இல்லை. பெரும்பகுதி இடம் பெயர்ந்தவர் என்ற கணக்கில். இறந்தவர், இரட்டைப் பதிவு, உண்மையிலேயே ஊரைவிட்டுப் போனவர் எல்லாம் இருக்கத்தான் செய்வார்கள். எங்கள் தெருவிலும் எடுக்க வேண்டிய பெயர்கள் இருந்தன, நானே சொல்வேன்.

ஆனால் அப்பத்தா பெயரும் இல்லை.

வீட்டு முகப்பு தெற்குத் தெருவில், பெரிய பூட்டு தொங்கும். அப்பத்தா இருப்பது மூன்றாம் கட்டில், வாசல் வடக்குத் தெருவில். தெற்குத் தெருவுக்கு வந்த பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அம்மா அங்கன்வாடி வேலையையும் பார்த்துக்கொண்டு படிவத்தோடு அலைந்தவர், மூன்று தடவை வந்து பூட்டைப் பார்த்திருக்கிறார். வடக்குத் தெரு வாக்காளர் பட்டியலில் வேறு பாகம். அங்கே வந்தவரிடம் அப்பத்தா பெயரே கிடையாது. வீடு இரண்டு தெருவுக்கு நீண்டதில் ஆள் நடுவில் விழுந்துவிட்டார். யார்மேல் கோபப்படுவது?

மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

21 டிசம்பர் 2025

8-ஆம் படிவம் கொடுங்கள் என்று நேற்று இங்கே ஒருவருக்குச் சொல்லிவிட்டேன், தப்பு. 8 என்பது பட்டியலில் இருப்பவருக்குத் திருத்தம், இடமாற்றம். வரைவில் பெயரே இல்லை என்றால் 6-ஆம் படிவம், கூடவே உறுதிமொழிப் படிவம். ஜனவரி 18 வரை என்று சொல்லியிருக்கிறார்கள். சந்தேகம் என்றால் வாக்காளர் உதவி எண் 1950-க்குப் போன் செய்யுங்கள்.

27 டிசம்பர் 2025

“சாகிற வயசில் அந்தக் கிழவிக்கு ஓட்டு எதற்கு?” என்று ஒருவர் எழுதியிருந்தார். பிறகு அவரே அழித்துவிட்டார். அழித்தாலும் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது வரிசைக் குழாய் கேட்டு மறுபடி மனு போடப் போகிறோம். கையெழுத்துப் பட்டியலில் இந்த முறை பெயருக்குப் பக்கத்தில் வாக்காளர் அட்டை எண்ணும் எழுதலாம் என்று பள்ளத்தூர்க்காரர் யோசனை சொன்னார். நல்ல யோசனை என்று எழுத வந்தேன். எழுதும்போதே உறுத்துகிறது. அட்டை எண் இல்லாதவர் தண்ணீர் கேட்கக்கூடாதா? அப்பத்தாவை எந்த வரியில் எழுதுவேன்? வேண்டாம், பெயரும் தெருவும் போதும்.

4 ஜனவரி 2026

அப்பத்தாவுக்குப் படிவம் நிரப்பியாயிற்று. முகவரியில் வடக்குத் தெரு. பி.எல்.ஓ. அம்மா தானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார், எந்த வாசல் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

போட்டோ என் கடையிலேயே எடுத்தோம். வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார வைத்து, முகத்தை நேரே பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்று அடம். பிரிண்டு வந்ததும் வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“காதுல தண்டட்டி தெரியுதாடா?”

“தெரியுது அப்பத்தா.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து 30 ரூபாயை மேஜைமேல் வைத்தார். வேண்டாம் என்றால் திட்டுவார், வாங்கிக் கல்லாவில் போட்டேன்.